கம்ப்யூட்டர் யோசித்த பெயர்

தணிகாசலத்தின் மகள் பிறந்த வாரமே, அவளுக்குப் பெயர் யோசிக்கும் பொறுப்பை வீட்டுக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்திருந்தார்கள். பாதி யோசனையில் அதன் சிப் ஒன்று போய்விட்டது. ஆகவே இருபத்தேழு வயதாகியும் அவளுக்குப் பெயர் இல்லை. பாப்பா என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கும்போது டீச்சர் ஓரிடத்தில் நிறுத்தி மூச்சுவிடுவார். பாப்பா "உள்ளேன் டீச்சர்" என்பாள். காலம் ஓடிவிட்டது.

இப்போது கல்யாணம் கூடிவந்திருந்தது. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் வெறும் இடம் விட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? அச்சகத்துக்காரர் புதன்கிழமை வரை பொறுப்பதாகச் சொன்னார்.

"நாமளே ஒரு பேரு வெச்சுட்டா என்னங்க?" என்றாள் மனைவி கமலவேணி.

"அது யோசிச்சிட்டிருக்கறப்ப நாம குறுக்க போனா நல்லாவா இருக்கும்?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவரும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தார். பெற்ற மகளை ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அனுப்பிவைக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

அந்தச் சிப்பைச் செய்த கம்பெனியை மூடி எத்தனையோ வருஷமாகிறது. வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டியதுதான். ஆற்று மணலை ஊறவைத்து கிரைண்டரில் நைசாக ஆட்டினார். அதே மாதிரி சிப் ஒன்று பக்கத்து வீட்டு மரகதத்திடம் இருந்தது. விளக்கு வைத்த பிறகு யாரும் உறைக்குக் கொடுக்கமாட்டார்கள் என்பதால், வெயில் இருக்கும்போதே போய் வாங்கிவந்து மாவில் போட்டார். பாப்பா கைவிட்டுக் கரைத்து மூடிவைத்தாள். விடிவதற்குள் நன்றாகப் பொங்கியிருந்தது. இட்லித் தட்டில் ஊற்றினார்கள். இருபுறமும் கம்பிக்கால்களோடு சிப்புகள் வெந்து வந்தன.

ஒன்றை மாட்டியதும் கம்ப்யூட்டர் தேம்பித் தேம்பி அழுதது. கீபோர்டெல்லாம் நனைந்துவிட்டது.

"உப்புப் போட்டியா?"

"கைப் பழக்கத்துல போட்டுட்டனுங்க" என்றாள் கமலவேணி.

மரகதத்தின் சிப்பை நன்றாகக் கழுவி, புது மாவில் மறுபடி உறை போட்டார். இந்த முறை உப்பு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

புதன்கிழமை காலை கம்ப்யூட்டர் விட்ட இடத்திலிருந்து யோசித்து முடித்தது. திரையில் பூங்கோதை என்று வந்தது.

"பூங்கோதை" என்று கூப்பிட்டார் தணிகாசலம்.

"சொல்லுங்கப்பா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டார். அவளும் இன்னொரு தடவை, "சொல்லுங்கப்பா" என்றாள்.

அதற்குள் திரையில் அடுத்த வரி வந்திருந்தது: எனக்கு?

வாஸ்தவம்தான். இத்தனை வருஷத்தில் அதற்கும் யாரும் பெயர் வைத்திருக்கவில்லை.

"பாப்பாங்கற பேரு இப்ப சும்மாதானப்பா இருக்கு. அதையே வெச்சுக்கட்டும்" என்றாள் பூங்கோதை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகளை அனுப்பிவைத்த மறுநாள் வீடு வெறிச்சென்று கிடந்தது. கமலவேணி பழக்கத்தில் மூன்று தட்டு வைத்து, "பாப்பா, சாப்பிட வா கண்ணு" என்று கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தது. அதன் தட்டில் மட்டும் கமலவேணி உப்பில்லாமல் பரிமாறினாள்.