இடம் மாறிய தழும்பு

பிரெஞ்சுப் படை உத்ரெக்ட் நகரத்தைச் சண்டையே இல்லாமல் பிடித்த அந்தக் கோடையில், பக்கத்து லெய்டன் நகரத்தில் எல்லோருக்கும் ஒரு துரோகி தேவைப்பட்டான். படக்கடை மாக்டெல்ட் அம்மாளுக்கு அவன் சனிக்கிழமைச் சந்தைக்குள் தேவைப்பட்டான்.

"பிரெஞ்சுக்காரன்கிட்ட பொன்னை வாங்கிட்டு நாட்டை வித்தவன் ஒருத்தனைப் போடு. பேரு வேண்டாம், மூஞ்சி போதும்" என்று அச்சுக்கான செப்புத் தகட்டை, படம் செதுக்கும் யோஸ்டின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

யோஸ்ட் செதுக்குவதில் கெட்டிக்காரன், யோசிப்பதில் சோம்பேறி. கைக்குச் சுலபமாக வந்த முகம் வைப்ராண்டுடையது. ஊருக்கு வெளியே மதகு காப்பவன், இருபது வருடச் சிநேகிதன். மதுக்கடையில் ஹெர்ரிங் மீனும் பீருமாக உட்காரும்போதெல்லாம் அந்த நீண்ட மூக்கையும் வலக் கன்னத்துத் தழும்பையும் மேசையில் கரியால் கிறுக்கிப் பழகிய கை. தகட்டில் பார்த்தபடியே செதுக்கினால், தாளில் அச்சாகும்போது இடம் வலமாகத் திரும்பி விழும். தழும்பு இடக் கன்னத்துக்குப் போய்விடும், அப்புறம் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். நாள் முழுக்கத் திருப்பிப்போட்ட எழுத்தோடு மாரடிக்கிறவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

சனிக்கிழமை மதியத்துக்குள் படங்கள் எல்லாம் விற்றுப்போயின. திங்கட்கிழமை வைப்ராண்ட் பட்டறைக்குள் வந்தான். நெற்றியில் கட்டு, கையில் அந்தத் தாள்.

"என்னடா இது?"

"யாரோ ஒருத்தன்டா. தழும்பைப் பாரு, இடப்பக்கம் இருக்கு. உனக்கு வலப்பக்கம்ல?"

"தினமும் மதகுத் தண்ணியில என் மூஞ்சி எனக்கு இப்படித்தான்டா தெரியுது. ஊர்க்காரன் மட்டும் தழும்பு எந்தப் பக்கம்னு பாத்துட்டா கல்லெறியுறான்? படையை நிறுத்தணும்னு நகரசபை சொல்லித்தான் மதகைத் தொறந்தேன். அதுல ஊர்க்காரன் வயல் முழுகிடுச்சு. இப்ப எதிரிகிட்ட கூலி வாங்கித் தொறந்தேங்கிறான்."

யோஸ்ட் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான். "தப்புதான்டா."

"நாளைக்குச் சந்தைத் திடல்ல வந்து, இது இவன் இல்லைன்னு சொல்லுவியா?"

"சொல்றேன். முதல்ல இதை அழிச்சிடறேன்."

வைப்ராண்டின் கண்ணெதிரிலேயே தகட்டைச் சுரண்டினான். எண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, முகம் இருந்த இடத்தைச் செம்பு பளபளக்கும்வரை வழித்தெடுத்தான். வைப்ராண்ட் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் யோஸ்ட் சந்தைத் திடலுக்குப் போகவில்லை. வெட்கம்தான், பயமும்தான். தகட்டைத் துடைத்தாயிற்றே, அது போதாதா என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்புக்காகப் பிற்பாடு அவன் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

அன்றைக்கே மாக்டெல்ட் வந்து, வேறு முகம் போடச் சொன்னாள்.

"இனிமே எவன் மூஞ்சியையும் போட மாட்டேன்ம்மா."

"போடாட்டிப் போ. மூஞ்சி இல்லாமலே விக்கும்" என்று தகட்டை அள்ளிக்கொண்டு போனாள்.

மறுநாளே விற்றது, முன்னைவிட அதிகமாகவே. வாங்கியவர்கள் அந்த வெற்று முகத்தில் தங்களுக்கு ஆகாதவர்களை வரைந்து கதவுகளில் ஒட்டினார்கள். ரொட்டிக்காரரை வரைந்தார்கள், பாதிரியாரை வரைந்தார்கள். ஒருவன் தன் மாமியாரையே வரைந்துவைத்தான். அதைப் பார்த்த யோஸ்ட் வைப்ராண்டின் மதகு வீட்டுக்கு ஓடினான்.

ஜன்னல் ஒன்றுகூட மிச்சமில்லை. கரையில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த பெண், அவன் யாரென்று தெரியாமல் சொன்னாள்: "நேத்தே மதகுக்காரனைப் பொண்டாட்டி புள்ளையோட படகுல ஏத்தி வெரட்டிட்டாங்கய்யா. மறையுற வரைக்கும் கல்லடி. யாரோ யோஸ்டாம், 'அவன் வந்து சொல்லுவான், கொஞ்சம் பொறுங்க'ன்னு கெஞ்சிக்கிட்டே இருந்தான் பாவம். யாரும் வரல."

கதவில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. வெற்றிடத்தில் யாரோ கரியால் நீண்ட மூக்கு வரைந்திருந்தார்கள். தழும்பும் இருந்தது. இந்த முறை சரியாக, வலக் கன்னத்தில்.