என்னையும் சேர்த்து விசாரியுங்கள்

பிள்ளை பிறந்து கால்மணி நேரத்துக்குள் பாக்கியலெட்சுமி படுத்திருந்த விரிப்பு முழுவதும் இரத்தத்தில் நனைந்துவிட்டது. ஞானேஸ்வரி இரண்டு கைகளாலும் அவள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கல்லருவித் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவள் மருத்துவிச்சி. இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி அலுமாரியில் இருந்தது. ஆனால் அதைப் போடும் அதிகாரம் அவளுக்கு இல்லை. அது, டாக்டருக்குப் பதிலாக ஆஸ்பத்திரியை நடத்தும் அப்போதிக்கரி பரமலிங்கத்தின் வேலை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்கள் அவரை டாக்டரய்யா என்பார்கள்.

அவரைக் கூப்பிட ஓடிய பாக்கியலெட்சுமியின் புருஷன் அழகையா தனியாகத்தான் திரும்பி வந்தான்.

"எழுப்பிப் பாத்தேங்கம்மா. கண்ணத் தொறக்கல. ரூமெல்லாம் சாராய வாடை."

அலுமாரி பூட்டியிருந்தது. திறப்பு பரமலிங்கத்திடம்.

"உடையுங்கோ," என்றாள் ஞானேஸ்வரி.

அழகையா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் பூட்டை நெம்பினான். ஞானேஸ்வரி ஊசியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் இரத்தம் மட்டுப்பட்டது. சாயங்காலம் பாக்கியலெட்சுமி தண்ணீர் கேட்டாள்.

மறுநாள் காலை பரமலிங்கம் குளித்து, சவரம் செய்து, வெள்ளைக் கோட்டுடன் வந்தார்.

"பிள்ளை, ஊசியைப் போடச் சொன்னது நான்தான் எண்டு பதிஞ்சு விடுறன். திறப்புத் துலைஞ்சதால பூட்டை உடைச்சம் எண்டு சொல்லுவம். உமக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் இல்லை."

நல்ல ஏற்பாடுதான். ஒப்புக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அவள் இந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முந்தின வருஷம் லயத்துக் கிழவி பெரியாயியின் மருமகள் இப்படித்தான் இரத்தம் போய்ச் செத்தாள். அன்றைக்கும் டாக்டரய்யா எழும்பவில்லையாம். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளியே சொல்ல ஆளில்லை.

அன்று பின்னேரமே ஞானேஸ்வரி கொழும்பிலிருந்த மருத்துவச் சபைக்கு எழுதினாள். டாக்டர்மாரையும் அப்போதிக்கரிமாரையும் மருத்துவிச்சிகளையும் பதிந்து வைத்திருப்பது அந்தச் சபை. பதிவை அழிக்கும் அதிகாரமும் அதற்குத்தான். பரமலிங்கம் செய்யாததை எழுதினாள். தான் செய்யக்கூடாததைச் செய்ததையும் எழுதினாள். என்னையும் சேர்த்து விசாரியுங்கள் என்று முடித்தாள்.

"உமக்கு விசரே? உம்மட பேரும் போகும்," என்று, கடிதம் போன சேதி தெரிந்ததும் கத்தினார் பரமலிங்கம்.

"தெரியும் ஐயா. தெரிஞ்சுதான் எழுதினன்."

விசாரணைக்கு அழைப்பு வந்தபோது சாட்சி சொல்ல அழகையா வருவதாகச் சொன்னான். போனால் வேலையை விட்டு நிறுத்தி பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று கங்காணி அவனை மிரட்டினார்.

"குடுத்தாக் குடுக்கட்டுங்க. எம்பொஞ்சாதி உசுரோட இருக்கா," என்றான் அழகையா. இருவரும் பதுளையில் ரயிலேறினார்கள்.

சபையில் நீண்ட மேசைக்குப் பின்னால் நான்கு டாக்டர்கள் இருந்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார். அன்று தனக்குக் கடும் காய்ச்சல் என்றார் பரமலிங்கம். காய்ச்சலா குடியா என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அழகையாவைக் கேட்டார்கள்.

"காச்சக்காரர் கட்டிலுக்கடியில போத்தல் உருளாதுங்களே."

பிறகு தலைவர் ஞானேஸ்வரியைப் பார்த்தார். ஊசி போடக்கூடாது என்று தெரியுமா?

"தெரியும்."

மறுபடியும் அப்படி நேர்ந்தால்?

அவள் தலைவரை நேராகப் பார்த்தாள்.

"போடுவன். போட்டுட்டு இங்க வந்து சொல்லுவன்."

மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்பைச் சொன்னார்கள். பரமலிங்கத்தின் பெயர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. ஞானேஸ்வரி ஆறு மாதம் மருத்துவம் பார்க்கக்கூடாது. அவள் ஓர் உயிரைக் காப்பாற்றினாள் என்பதைச் சபை மறக்கவில்லை என்றார் தலைவர். ஆனால் இதைச் சும்மா விட்டால் ஊசி பழகாதவர்களும் நாளைக்கு அலுமாரியை உடைப்பார்கள்.

ரயிலில் அழகையா பொருமிக்கொண்டே வந்தான். "நல்லது செஞ்சவங்களுக்குமா தண்டன?"

அவளுக்கும் நெஞ்சு எரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னை மட்டும் விட்டிருந்தா அவர் தன்னையும் விடச் சொல்லிக் கேட்டிருப்பார், அழகையா. இப்ப கேக்க ஏலாது."

புது அப்போதிக்கரி வரத் தாமதமானது. அதற்குள் ஒரு நாள் முற்பகல் அங்கம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மலையிலேயே வலி கண்டுவிட்டது. பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டு ஞானேஸ்வரியின் வாசலுக்கு வந்தார்கள். வயிறு இருந்த வாகைப் பார்த்தே, பிள்ளை குறுக்கே கிடப்பது தொடாமலே அவளுக்குத் தெரிந்தது.

"நான் தொடக்கூடாது. பதுளைக்குத்தான் கொண்டு போகோணும்," என்றாள்.

"எதுலம்மா கொண்டு போறது?" என்று அழுதாள் அங்கம்மாவின் தாய்.

தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லொறி ஸ்டேசனுக்குப் புறப்பட்டு வந்தது. ஞானேஸ்வரி இறங்கிப்போய் ரோட்டின் நடுவில் நின்றாள். டிரைவர் ஜுனைதீன் பிரேக்கை மிதித்தார்.

"வழி விடுங்கம்மா. துரை ஏசுவார்."

"ஏசட்டும். பெட்டியை இறக்குங்கோ. இல்லாட்டி என்ர மேல ஏத்திட்டுப் போங்கோ."

ஜுனைதீன் அங்கம்மாவைப் பார்த்தார். இறங்கிப் பின்கதவைத் திறந்தார். பெண்களே பெட்டிகளை ரோட்டோரம் அடுக்கினார்கள். அன்று பிற்பகல் பதுளை ஆஸ்பத்திரியில் அங்கம்மாவுக்கு ஆபரேஷன் செய்து ஆண்பிள்ளையை எடுத்தார்கள். அதுவரைக்கும் ஞானேஸ்வரி வராந்தா வாங்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் தோட்டத்து நிர்வாகியான துரை அவளைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டு எரிந்து விழுந்தார்.

"அப்போதிக்கரி வரும்வரைக்கும் வலி வாற ஒவ்வொரு முறையும் லொறியை மறிப்பன்," என்றாள். "வேணுமெண்டா நீங்களும் சபைக்கு எழுதுங்கோ."

துரை எழுதவில்லை. லயத்தில் யாருக்காவது வலி என்று ஆள் வந்தால் லொறியை அனுப்பிவைக்கும்படி கிளார்க்கரிடம் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.