பட்டனுக்கு ஒரு மாதக் கெடு

அன்புள்ள தங்கைக்கு,

நீ கொடுத்தனுப்பிய நாய்க்குட்டி வந்து இன்றோடு முப்பத்தோரு நாள். வீட்டுக்காரர் வைத்த கெடு ஒரு மாதம். "கடைக்கு வர்றவங்க மேல ஒரு தடவை பாஞ்சாலும், வந்த இடத்துக்கே அனுப்பிடணும்" என்று மாடிப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டார். முன்னறையில் உன் அண்ணியின் தையல் கடை இருப்பதால் அவர் பேச்சிலும் நியாயம் உண்டு.

பெயர் பட்டன். வந்த அன்றே ஒன்றை விழுங்கி, மறுநாள் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். பயம் தெளிய வேண்டியவை: தையல் மெஷின், மிக்ஸி, ஹெல்மெட், குடை, தாடிக்காரர், அழும் குழந்தை. தூரத்தில் வைத்துக் காட்ட வேண்டும். வாலை ஆட்டினால் ஓரடி கிட்டே, அவித்த முட்டையில் ஒரு துணுக்கு. தாடிக்கு ஆள் கிடைக்காமல் நானே பதினைந்து நாள் சவரம் செய்யவில்லை.

"தினம் பாக்குற மூஞ்சிதானே, அது எங்க பயப்படப் போகுது? எனக்குத்தான் பயமா இருக்கு" என்றாள் உன் அண்ணி.

'உட்காரு' மட்டும் என்னிடம் பலிக்கவில்லை. என்னைப் பார்ப்பான், கிண்ணத்தைப் பார்ப்பான், நிற்பான். அவள் சொன்னால் உட்காருவான்.

"நீங்க மனு கொடுக்குற மாதிரி கேக்குறீங்க" என்றாள்.

நேற்றுக் காலை வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கால் சுளுக்கு, கையில் ஊன்றுகோல். என் நோட்டில் குடை இருந்தது, கோல் இல்லை. அது டக் டக்கென்று தரையில் விழுந்ததும் பட்டன் சிலிர்த்துக்கொண்டு குரைத்தான். "உட்காரு" என்றேன், மூன்று தடவை. அவன் பாயப் பதுங்கினான்.

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க தம்பி" என்றார் அவர்.

துணி வெட்டிக்கொண்டிருந்த உன் அண்ணியின் வாய் நிறையக் குண்டூசி. பேச வழியில்லாமல், கத்திரிக்கோலால் காற்றை இரண்டு தடவை வெட்டினாள். பட்டன் சட்டென்று உட்கார்ந்தான்!

வெட்டு முடிந்ததும் கத்திரியால் வெறுமனே இரண்டு வெட்டு வெட்டிவிட்டுத்தான் கீழே வைப்பாள். இருபது வருடப் பழக்கம். அதன்பிறகே முட்டையை எடுத்து 'உட்காரு' என்பாள். குட்டி வார்த்தையைப் படிக்கவே இல்லை, கத்திரியைப் படித்திருக்கிறான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

ஊசிகளை எடுத்துவிட்டு, "பத்து நாளாத் தெரியும். நீங்க அவ்வளவு சிரத்தையா நோட்டு எழுதுறீங்க, கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்" என்றாள்.

வீட்டுக்காரர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அதை இங்க குடும்மா" என்று கத்திரியை வாங்கி வெட்டினார். பட்டன் அவர் காலடியில் உட்கார்ந்தான். "அட, எனக்கும் உக்காருதே!" சாயங்காலம் பேத்தியை அழைத்துவந்து, தானே பழக்கியவர் போலச் செய்து காட்டினார்.

ஆகவே குட்டி திரும்பி வராது. ஊன்றுகோலையும் நோட்டில் ஏற்றிவிட்டேன். நுனி மழுங்கிய பழைய கத்திரி ஒன்று என் பையில் இருக்கிறது. இன்று தெருமுனையில் சைக்கிளுக்கு வழிவிட்டு அவன் உட்கார்ந்ததை நாலு பேர் நின்று பார்த்தார்கள். அதிலிருந்து என் சட்டை நெஞ்சில் பிடிக்கிறது. உன் அண்ணியிடம் பிரித்துத் தைக்கக் கொடுக்க வேண்டும்.

உன் அண்ணன்