குழியில்லாத மூடி

ஸ்ரீவராகத்தில் மங்கலத்தின் வீட்டை ஒட்டித் தாணுமாலையன் மூன்று மாடி எழுப்பினார். எழுப்புவதற்கு முன் மனையில் இடுப்பளவு மண்ணடித்து உயர்த்திவிட்டார். போன வருஷம் இடவப்பாதிப் பெருமழையில் அங்கே விழுந்த தண்ணீரெல்லாம் மங்கலத்தின் வீட்டுக்குள் புகுந்தது. பக்கவாதத்தில் படுத்திருந்த கணவர் நீலகண்டனின் கட்டிலுக்கு அவள் ஒருத்தியாகவே செங்கல் முட்டுக் கொடுத்தாள். இந்த வருஷமும் அப்படிச் செய்ய அவளுக்குத் தெம்பில்லை.

புதுக் கட்டடம் தன் மழைத்தண்ணீரைத் தன் மனையிலேயே குழி வெட்டி இறக்க வேண்டும் என்று விதி இருந்தது. குழியைப் பார்த்த பிறகுதான் மாநகராட்சி ஓவர்சியர் கையெழுத்துப் போடுவார். தாணுமாலையன் பெரிய மனுஷர், விதியை மதிப்பவர். அதனால்தான் பரிசோதனை நாள் காலையில் ஒரு டெம்போவில் கான்கிரீட் மூடி வந்து இறங்கியது. நாலு பேர் அதை வெறுந்தரையில் வைத்து ஓரங்களில் மண்ணை அணைத்தார்கள். தண்ணீர் குடிக்க மங்கலத்தின் வீட்டுக்கு வந்த டிரைவர் சொரிமுத்து, மத்தியானம் இதே மூடி ஆரியசாலையில் இன்னொரு கட்டடத்துக்குப் போகவேண்டும் என்று வெள்ளந்தியாகச் சொல்லியும் விட்டான்.

ஓவர்சியர் வேலப்பன் வந்ததும் மங்கலம் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னாள். நாலு ஆள் தூக்கும் கனம், நேரமில்லை என்று அவர் பேனாவைத் திறந்தார். மங்கலம் வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து மூடியின் நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எதுவானாலும் வீட்டில் வைத்துப் பேசலாமே மாமி என்று தாணுமாலையன் குழைந்தார்.

"பேசறதுக்கு ஒண்ணுமில்லை. சார் கையெழுத்துப் போடட்டும். மூடி இனிமே இங்கேயேதானே இருக்கப் போறது, அல்லே? நானும் இருக்கேன்."

வேலப்பன் திறந்த பேனாவோடு தயங்கி நிற்க, வெயில் உச்சிக்கு ஏறியது. தாணுமாலையன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொரிமுத்து பொறுமையிழந்து ஓடிவந்தான்.

"மொதலாளி, ஆரியசாலைல ஆபீசர் வந்தாச்சு. மூடிய ஏத்தட்டா?"

வேலப்பன் பேனாவை மூடினார். மங்கலம் தானாகவே எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். மூடியைப் புரட்டினால், கீழே பாய் விரித்துப் படுக்கலாம் போல மட்டமான தரை.

நாளைக்கே வெட்டிவிடுகிறேன் என்றார் தாணுமாலையன். இப்போதே வெட்ட வேண்டும் என்று மங்கலம் அங்கேயே உட்கார்ந்தாள். ஆட்கள் மண்வெட்டி எடுத்தார்கள். முழங்கால் ஆழம் வந்ததும் தாணுமாலையன், போதாதா என்று ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் மங்கலத்தைப் பார்த்தார்.

"இது தூத்தல் மழைக்குப் போறும். இடவப்பாதிக்கு வெட்டுங்கோ."