ஓரத்துக் கல்

கடப்பாரையை அப்பாதுரை யாரிடமும் கொடுக்கவில்லை. குழி வெட்ட வந்த முனிரத்தினம் இரண்டு முறை கை நீட்டிப் பார்த்துவிட்டு, மண்வெட்டியோடு இறங்கினான்.

"இன்னாத்துக்குணா உனக்கு இந்த வேலை? ஊட்ல அக்கா கெடக்குது. அங்க போயி குந்து."

"நீ வெட்டு. நான் பாத்துக்கினு இருக்கேன். மூணடியில நிக்கும் பாரு."

"வாயக் கழுவுணா."

அன்னம்மாள் நேற்றுச் சாயங்காலம் அரை டம்ளர் கஞ்சி குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. எழுபத்தாறு வயசு. நோய், படுக்கை எதுவும் இல்லாத சாவு. தம்பி அப்பாதுரைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குழியில்தான் அவருக்கு நம்பிக்கை இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வேன் ஒன்றைச் சொல்லி ரோட்டோரத்தில் நிறுத்தியிருந்தார். இங்கே பாறை தட்டினால் காஞ்சிபுரத்துக்கு எடுத்துப் போய்விடலாம்.

காலனியின் இடுகாடு ஒரு காலத்தில் செம்மண் மேடு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குவாரிக்காரன் வந்தான். இரண்டடி சவுடு மண் மட்டும் வழித்துக்கொள்கிறோம், பதிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருகிறோம் என்றான். அப்போது நாட்டாமை அப்பாதுரைதான். படிக்கத் தெரியாது. அவன் நீட்டிய பேப்பரில் கட்டைவிரலை அழுத்திக் கொடுத்தார். ஆறே மாதத்தில் பாறை பல்லைக் காட்டும்வரை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்பன் பாட்டன் எலும்பெல்லாம் சவுடோடு சவுடாக எந்த ரோட்டுக்கு அடியில் போனதோ. சுவர் வரவே இல்லை.

அதற்கப்புறம் விழுந்த முதல் சாவு அன்னம்மாளின் புருஷன் பூவராகவன். முழங்கால் ஆழத்தில் கடப்பாரை பாறையில் மோதி நெருப்புப் பொறி பறந்தது. இறக்கி வைத்த பாடையைத் திரும்பத் தூக்கி, வேன் பிடித்து, டவுனுக்குக் கொண்டுபோய், அங்கே நீங்கள் எந்த ஊர் என்று கேட்டவனுக்கெல்லாம் கைகட்டிப் பதில் சொல்லி ஒரு மூலையில் புதைத்தார்கள். அன்னம்மாள் தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வருஷம் ஏரியைத் தூர் வாரினார்கள். அவள் டிராக்டர்களுக்குக் குறுக்கே போய் நின்றாள். "எங்கியோ கொட்டறத இடுகாட்டுல கொட்டுங்கடா" என்றாள். கொட்டிய வண்டலில் பாதி முதல் மழையிலேயே ஓடிவிட்டது. கல் பொறுக்கி வரப்புக் கட்டினாள். பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் நூல் அலசும் வேலை அவளுக்கு. அங்கிருந்து பழைய சாக்குகளைக் கொண்டுவந்து, குளத்து வண்டலையும் மாட்டுச் சாணத்தையும் சுமந்தாள். மண்ணுக்கு உரமாகச் சணப்பு விதைத்து, அது பூக்கிற நேரத்தில் மடக்கி மண்ணுக்குள்ளேயே மிதித்தாள். சரிவில் வெட்டிவேர் வைத்தாள். வருஷா வருஷம் இதே கூத்து.

"பாறை மேல கொல்லை வைக்கிறா" என்று சிரித்ததில் முதல் ஆள் அப்பாதுரை. ஏனாத்தூரிலிருந்து காலேஜ் பிள்ளைகள் மண்ணைச் சோதிக்கப் பேப்பரோடு வந்தபோது கழியெடுத்துத் துரத்தினார். பேப்பரைக் கண்டாலே அவருக்குக் கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொள்ளும்.

குழியில் முதல் அடி மண் கறுப்பாக வந்தது. இரண்டாம் அடியிலும் வேர் ஓடியிருந்தது. மண்வெட்டியில் மண்புழு நெளிந்தது.

"கேக்கு மாதிரி வருதுணா. உங்கக்கா கத்திரிக்கா போட்டிருந்தா ஊருக்கே வித்திருக்கும்."

"மூணடி ஆவட்டும். அப்பறம் சிரி."

மூன்றாவது அடியில், கால்மாட்டுப் பக்கம், ணங் என்றது.

முனிரத்தினம் மண்வெட்டியை நிறுத்தினான். காலனியிலிருந்து மேளச் சத்தம் கேட்டது. அன்னம்மாளின் மகன் கமல் வரப்பைத் தாண்டி ஓடிவந்தான்.

"இன்னா மாமா? எப்ப தூக்கறதுன்னு கேக்கறாங்க."

அப்பாதுரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "வேன்காரன இருக்கச் சொல்லு."

"மாமா, அம்மா இங்கதான் போடணும்னு சொல்லிக்கினே இருந்துச்சி. உங்கப்பன அனுப்புன மாதிரி என்னையும் வேன்ல அனுப்பிடாதடான்னுச்சி."

"என்னாண்ட ஒண்ணும் சொல்லலியே."

"உன்னாண்ட எப்படி மாமா சொல்லும்?"

அப்பாதுரை கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார். குழிக்குள் முனிரத்தினம் மண்டிபோட்டு, கையால் மண்ணை விலக்கிக்கொண்டிருந்தான்.

"ணா. இது பாறை இல்ல. கல்லு."

மண்வெட்டிக் காம்பால் பக்கத்தில் தட்டினான். பொத்தென்றது. தேங்காய் அளவு கல் ஒன்றைப் பெயர்த்து மேலே போட்டான். அதை ஒட்டி இன்னொன்று. வரிசையாக அடுக்கியிருந்தது.

கமல் எட்டிப் பார்த்தான். "அம்மா கட்டுன மொத வரப்பு இது. இதுக்கு மேலதான் மறுபடி மண்ணு ஏத்துச்சி."

முனிரத்தினம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "ஆமா, மூணடின்னு கரீட்டா எப்படிணா சொன்ன?"

அப்பாதுரை கடப்பாரையைக் கை மாற்றிப் பிடித்தார். "கம்பி வச்சிக் குத்திப் பாத்தேன்."

"எப்ப?"

"வருஷா வருஷம். அக்கா பட்டறைக்குப் போனப்பறம்."

"எங்க நின்னு குத்தின?"

அவர் மேட்டு ஓரத்தைக் காட்டினார். அந்த ஓரத்தைத் தாண்டி அவர் ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை.

"அடப் போணா! ஓரத்துலயே நின்னு குத்துனா வரப்புக் கல்லுதான் மாட்டும். உள்ள ரெண்டு எட்டு வச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே."

அப்பாதுரை கடப்பாரையை அவனிடம் நீட்டினார்.

நாலடி. வண்டல் மஞ்சளாக வந்தது. ஐந்தடி. ஈரம். முனிரத்தினத்தின் தோள் மறைந்தது, அப்புறம் தலைப்பாகையும் மறைந்தது. உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்து ஆடியது.

"போதுமாணா?"

"பாறை?"

"அது எங்க இருக்குதுன்னே தெரியல."

அப்பாதுரை அப்படியே மண் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டேய் கமலு. வேனைப் போவச் சொல்லு."

பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்தது. ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். அப்பாதுரை போட்ட மண் உள்ளே விழுந்த சத்தமே கேட்கவில்லை, அவ்வளவு பொலபொலப்பு. குழியை மூடி, மேடு கட்டி, மாலையைப் போட்டபிறகும் இரண்டு கூடை மண் மிச்சம் இருந்தது.

"மேலயே கொட்டிடட்டுமா மாமா?"

"வேணாம். கூடைய இப்படிக் குடு."

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அன்னம்மாளின் கடைசி வரப்பைத் தாண்டினார். அந்தப் பக்கம் இன்னும் வெறும் பாறை, வெயிலில் கொதித்தது. அதில் மண்ணைக் கொட்டினார். இன்னொரு கூடையையும் கொட்டினார். குழியிலிருந்து வந்த கல் ஒன்றைத் தூக்கிவந்து, தண்ணீர் ஓடும் பக்கமாகப் பார்த்து வைத்தார். ஆடியது. சின்னக் கல் முட்டுக் கொடுத்ததும் நின்றது.

"குளிக்கப் போவணும் மாமா. எல்லாரும் நிக்கிறாங்க."

"நீ முன்ன போ."

அடுத்த கல்லை எடுக்கத் திரும்பினார். ஓரமாகச் சுற்றிப் போகவில்லை. மண்ணுக்கு நடுவிலேயே நடந்தார். கணுக்கால்வரை புதைந்தது.