சுகர் உண்டா?

பாண்டி அரிவாளோடுதான் வந்தான். இலஞ்சித் தோப்பில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தவன் போன் வந்ததும் அப்படியே பைக்கை எடுத்திருக்கிறான். முதல் வெட்டு வாசலில் நின்ற தங்கச்சியின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. அடுத்த வெட்டில் 'இசக்கிச்செல்வி, இன்சூரன்ஸ் ஏஜென்ட்' போர்டு பிளந்தது.

"ஏட்டி, வெளிய வா! காசு தர மாட்டோம்னு கம்பெனிக்காரன் கைய விரிச்சிட்டான். ஒன் மதினி அங்கன ஆஸ்பத்திரில கால் அழுகிக் கெடக்கா!"

செல்வி வெளியே வந்தாள். மதினியின் மருத்துவ பாலிசிக்குப் பிரீமியம் வருடா வருடம் ஏறியது. இன்சூரன்ஸ் மேலிருந்த வரியை எடுத்துவிட்டோம் என்று டிவியில் மாலை போட்டுக்கொண்டார்கள். கம்பெனி அதற்கும் மேலே ஏற்றியது. பாலிசியே வேண்டாம் என்றான் பாண்டி. மனசு கேட்காமல் இவள்தான் வேறு கம்பெனிக்கு மாற்றினாள். மதினிக்கு வெகுகாலச் சர்க்கரை. சொன்னால் தொகை எகிறும் என்று 'நோய் இல்லை' என்று போட்டுவிட்டாள். செல்வியும் தினமும் சர்க்கரை மாத்திரை போடுகிறவள்தான்; தன் பாலிசியிலும் 'நோய் இல்லை' என்றே போட்டிருந்தாள்.

"டாக்டர் கேட்டா சுகர் இல்லன்னு சொல்லுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லாண்ணே?"

"உசுரக் காப்பாத்துத மனுசன்ட்ட பொய் சொல்லச் சொல்லுதியா? பத்து வருசமா உண்டுன்னேன்."

"டாக்டர் எழுதுன அந்தச் சீட்டுதான் கம்பெனிக்குப் போயிட்டு. மதினிய நீயேதான் கெடுத்த."

அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது. அரிவாள் இறங்கியது. செல்வி இடது கையைக் குறுக்கே நீட்டினாள். அவள் பார்க்கும்போது இரண்டு விரல்கள் தோலில் தொங்கிக்கொண்டிருந்தன.

அதன் பிறகுதான் பாண்டிக்குத் தங்கச்சி கண்ணில் பட்டாள். துண்டைச் சுற்றி அள்ளிக்கொண்டு ஓடினான். ஆட்டோவில் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு அழுதான்.

தென்காசியில் அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர்.

"எப்படிம்மா வெட்டுச்சு?"

"தேங்கா வெட்டயில அருவா தவறிட்டு சார்," என்றாள் செல்வி.

டாக்டர் நம்பவில்லை, எழுதிக்கொண்டார். "உடனே ஆபரேஷன் பண்ணணும். சுகர் உண்டா?"

செல்விக்குச் சாவு பயம் வந்துவிட்டது. உண்டு என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஒண்ணும் கெடையாதுய்யா," என்றான் பாண்டி முந்திக்கொண்டு. வெட்டுப்படாத அவளுடைய வலது கையை எலும்பு நோக இறுக்கிப் பிடித்திருந்தான்.