மாணவர்கள் மட்டும் ஊதவும்

"அம்மா, இப்ப நீங்க ஊதுங்க."

தலைமையாசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். மகள் குருவியைக் கூட்டிக்கொண்டு அவளது மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போட வந்திருந்த தாய் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"நானா டீச்சர்?"

"நீங்கதான்" என்று மீட்டரை நீட்டினாள் மீட்டரக்கா.

பயிற்சியின் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மீட்டர் மாணவர்களுக்கு மட்டும். பெற்றோரை ஒருபோதும் ஊதச் சொல்லக் கூடாது. கையேட்டில் அந்த வரிக்குக் கீழே அவளே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். அவள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது இந்த வேலையில்தான். கோடு போடச் சொன்ன இடத்தில் கோடு போட்டுத்தான் பட்டமும் வாங்கியிருந்தாள்.

பிள்ளைகள் அவளை மீட்டரக்கா என்றார்கள். வகுப்பு வகுப்பாகப் போய் நுரையீரல் படம் காட்டுவாள். விளையாட்டுக்குப் பிடிக்கும் முதல் சிகரெட் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்வாள். கடைசியில் ஒவ்வொருவரையும் ஊதச் சொல்வாள். உள்ளங்கையளவு கருவி, மூச்சில் புகையின் நச்சு எவ்வளவு என்று எண்ணில் காட்டும். ஆறு வரை பச்சை, பத்தைத் தாண்டினால் சிவப்பு. படிவத்தில் இரண்டே கட்டங்கள்: புகைக்கிறார், புகைக்கவில்லை.

போன திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் குருவி ஊதியபோது பத்தொன்பது வந்தது. வகுப்பே சிரித்தது.

"சத்தியமா நான் தொட்டதே இல்லக்கா."

"நீ பொய் சொல்லலாம், மெஷின் சொல்லாது" என்று முதல் கட்டத்தில் டிக் அடித்தவள் மீட்டரக்காதான்.

வெள்ளிக்கிழமை புகையிலைக் கம்பெனியிலிருந்து வருகிறார்கள். புகைக்கிற மாணவர் ஒருவர்கூட இல்லை என்றால் எட்டு வகுப்பறைகளுக்குப் புதுக் கூரை. மீட்டரும் அவர்கள் கொடுத்ததுதான், மீட்டரக்காவின் சம்பளமும் அவர்கள் கொடுப்பதுதான். குருவியின் பெயர் அதற்குள் பதிவேட்டிலிருந்து போக வேண்டும்.

"ஒரு வாரமா வாசப்படி தாண்ட விடல" என்று தாய் சற்று முன்தான் சொல்லியிருந்தாள். "வாய மோந்து மோந்து பாத்தேன். ஒண்ணும் நாறல. அதுக்கும் சேத்து அடிச்சேன்." குருவியின் முழங்கையில் விளாறு பட்ட தடிப்பு இன்னும் வற்றவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் மீட்டரக்கா அவளை மறுபடி ஊதச் சொன்னாள். இருபத்திமூன்று வந்தது.

வீட்டைவிட்டு வெளியே போகாத பெண்ணுக்கு நாலு கூடியிருந்தது.

"ஊதினா பலூன் ஏதாச்சும் வருமா?" தாய் சிரித்துக்கொண்டே அட்டைக் குழாயை வாங்கினாள். பதினைந்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். பதினொன்றில் இருமல் வந்துவிட்டது. இரண்டாம் தடவை ஊதினாள்.

முப்பத்திநாலு.

மீட்டரக்கா புதுக் குழாய் மாட்டித் தானும் ஊதினாள். இரண்டு. பச்சை.

"ஏம்மா, நீ சிகரெட் பிடிப்பியா?" என்றார் தலைமையாசிரியர்.

"நல்லாக் கேட்டீங்க போங்க. வாயில ஒண்ணு வச்சுக்கிட்டுப் புகையிலைக் கொட்டகையில நின்னா மேஸ்திரி என்னையும் சேத்து அடுப்புல போட்டுடுவாரு."

"வீடு எங்க?" என்றாள் மீட்டரக்கா.

"கொட்டகைக்குப் பின்னாடி, கம்பெனி லைன் வீடு. எங்க செவுரும் கொட்டகைச் செவுரும் ஒண்ணுதான். அந்தப் பக்கம் நாலு அடுப்பு. கரி போட்டு ராப்பகலா எரியணும், புகையிலை காயணும்ல."

"ஜன்னல்?"

"இருந்துச்சு. சூடு வெளிய போகுதுன்னு பூசிட்டாங்க. குளிருக்கு இதமாத்தான் இருக்கு."

"தலை வலிக்குமா?"

"லைன்ல எல்லாருக்கும்தான். எழுந்ததும் கொமட்டும். வெளிய வந்து நின்னா சரியாப்போயிடும்."

"போதும்மா" என்றார் தலைமையாசிரியர். "கையெழுத்தைப் போடு."

தாய் பேனாவை எடுத்தாள். மீட்டரக்கா சான்றிதழின் மேல் கையை வைத்தாள்.

"வீட்ல இப்ப யாரு இருக்கா?"

"சின்னவன்தான். எட்டு மாசம். தங்கம் டீச்சர், தொந்தரவே கிடையாது. எந்நேரமும் தூக்கம். காலைல பால் குடுக்க எழுப்பினேன், கண்ணே தொறக்கல. சரி, தூங்கட்டும்னு கதவச் சாத்திட்டு வந்தேன்."

மீட்டரக்கா கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். அடுப்புக் கரியின் நச்சும் அதில் இதே எண்ணாகத்தான் வரும். முதலில் புரிந்தது குருவிக்கு. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மீட்டரக்காவை. செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே ஓடினாள்.

"ஏய், எங்கடி ஓடுற?" தாய் பேனாவோடு எழுந்தாள்.

"நீங்களும் ஓடுங்கம்மா. கதவைத் திறந்து பிள்ளையை வெளிய தூக்கிட்டு வாங்க. உள்ள நிக்காதீங்க. நான் பின்னாலயே வர்றேன்."

தாய் ஏன் என்று கேட்காமல் ஓடினாள். பேனா வாசலில் விழுந்தது.

"சார், ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க."

"கொஞ்சம் உக்காரு. குழந்தைன்னா தூங்கத்தான் செய்யும்." அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "இதுல ரெண்டு கட்டம்தானே இருக்கு? உன் வேலை அவ்வளவுதான். கம்பெனி கேட்டுக்குள்ள வெளியாள் போகக் கூடாது. போறதா இருந்தா கழுத்துல இருக்கிற அட்டையைக் கழட்டி வச்சுட்டுப் போ."

மீட்டரக்கா அட்டையைப் பார்த்தாள். அதில் அச்சிட்டிருந்த கம்பெனிச் சின்னம்தான் கொட்டகை கேட்டிலும் இருந்தது. அதைக் கண்டால் காவலாளி திறப்பான். மறுபக்கம் திரும்பிக் கிடந்ததைச் சின்னம் தெரியும்படி நேராக்கிக்கொண்டாள். படிவத்தை அவர் கையிலிருந்து உருவி, மீட்டரோடு பைக்குள் போட்டாள்.

நடையில் அவள் ஒட்டிய நுரையீரல் படங்கள் வரிசையாக இருந்தன. ஒரு கையால் ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்திக்கொண்டே படியிறங்கினாள். வெளியே மைதானத்துக்கு அப்பால் கொட்டகையின் புகைக்குழாய் தெரிந்தது. அதற்கு நேராக இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் தலைமையாசிரியரும் போனில் பேசத் தொடங்கியிருந்தார்.

"வணக்கம் சார். ஒண்ணுமில்ல, சின்ன விஷயம்தான். உங்க கேட்டைக் கொஞ்ச நேரம் சாத்தி வைக்கச் சொல்லுங்க."